காலை ஒன்று, இரவு ஒன்று

பேர்கன், நோர்வே
ஜனவரி 2, 2024

அண்ணா,

நத்தார்ப் பண்டிகை அன்று போனில் நீங்கள் கடைசியாகச் சொன்னது, “சொல்ல ஏதும் இருந்தா எழுது, போன் எடுக்காத” என்பதுதான். கோபத்தில் சொன்னது என்று தெரியும். இருந்தாலும் எழுதுவதே நல்லது என்று எனக்கும் படுகிறது. போனில் மூன்றாவது நிமிடத்திலேயே நாங்கள் சண்டைக்கு வந்துவிடுகிறோம். பக்கத்தில் அப்பா இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

அவர் காதுபட அந்த நோயின் பெயரைச் சொன்னது என் பிழை. அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். சொன்ன விஷயத்துக்கு அல்ல.

ஐந்து நிமிடம் போனில் பார்த்துவிட்டு, இன்ன வருத்தம், இன்ன நோய் என்று சொல்ல நீ யார் என்று கேட்டீர்கள். நான் பார்த்தது இதுதான். வாசலில் தொங்கவிட்ட கடதாசி நட்சத்திரத்தைத் தெருக் கழுதை தின்ற கதையை அம்மா சொன்னா. நீங்கள் எல்லோரும் சிரித்தீர்கள். அப்பாவும் சிரித்தார், சத்தம் கேட்டது. ஆனால் முகம் அசையவில்லை. அவ்வளவு நேரத்தில் அவர் இரண்டு தரம்தான் கண் சிமிட்டினார். வலது கைப் பெருவிரல் சுட்டுவிரலின் மேல், மாத்திரை உருட்டுவதுபோல, நிற்காமல் உரசிக்கொண்டிருந்தது.

ஊரில் என்னை டொக்டர் என்கிறார்கள். நான் நோயாளிகளைப் பார்க்கும் டொக்டர் இல்லை. என் வேலை என்னவென்று நீங்கள் ஒருமுறை கேட்டீர்கள். நான் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

உடம்பின் அசைவுகளை நடத்துகிற ஒரு இரசாயனம் மூளையில் இருக்கிறது. டோபமின் என்று பெயர். ஒரு நரம்புக் கலம் அதை வெளியே விடும், அடுத்த கலம் அதை வாங்கிக்கொள்ளும். வேலை முடிந்ததும் விட்ட கலமே மிச்சத்தைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளும். அப்படி இழுக்கிற இடங்களைத்தான் நான் அளக்கிறேன். இறந்தபின் மூளையைத் தானம் செய்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். உறையவைத்த அந்த மூளையை மயிரைவிட மெல்லிய சீவல்களாக வெட்டி, கதிர்வீச்சுள்ள ஒரு மருந்தில் ஊறவைப்போம். அது அந்த இடங்களில் போய் ஒட்டும். பிறகு சீவலை ஒரு படத்தாளோடு சேர்த்து மூன்று கிழமை, இருபது நாளுக்கு மேல், இருட்டில் வைத்தால், இடங்கள் நிறைய உள்ள பகுதி கறுப்பாக விழும். பார்க்கின்சன் நோயில் அந்தக் கலங்கள் செத்துப்போவதால் படம் வெளிறியிருக்கும். பதினொரு வருடமாக இப்படி வெளிறிய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்தக் கண்ணோடுதான் அப்பாவையும் பார்த்தேன்.

அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் எடுக்கிற மருந்துக் குளிசைகள் எல்லாவற்றின் பெயரையும் எனக்கு எழுதுங்கள்.

உங்கள்
சுபா


கீரி, மன்னார்
29.01.2024

சுபா,

உன் கடிதத்தைத் தபால்காரர் வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கடையில் தந்துவிட்டுப் போனார். நல்லதாய்ப் போயிற்று. திருத்தக் கழற்றிப் போட்ட வள்ள எஞ்சினுக்குப் பக்கத்தில் இருந்து வாசித்தேன். இரண்டாம் பக்கம் முழுக்கக் கிறீஸ் பட்டுவிட்டது.

நீ சொன்னபடி போனோம். விடியவே போய்ப் பத்தரைக்குத்தான் கூப்பிட்டார்கள். டொக்டர் கையைப் பொத்தி விரிக்கச் சொன்னார், எழும்பி நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார். ஒரு திரும்பலுக்கு அப்பா ஏழு அடி வைத்தார். முப்பது வருடம் சங்கு குளித்த மனிதர். கடலடியில் மூச்சை அடக்கிக்கொண்டு மீன்போலத் திரும்பியவர், ஒரு சின்ன அறைக்குள் ஏழு அடி வைத்துத் திரும்பினார். பார்க்கின்சன் என்று டொக்டர் சொன்னார். நீ சொன்ன அதே பெயர்தான். நீ சொன்னது சரி. சந்தோஷப்படு.

நீ அங்கே படத்தில் கறுப்பு வெள்ளை பார்க்கிறாய். நான் இங்கே பார்ப்பதைச் சொல்லட்டுமா? காலையில் சட்டைத் தெறியைத் துளையில் மாட்டிப் பூட்ட இருபது நிமிடம். நான் பூட்டிவிடப் போனால் கையைத் தட்டிவிடுவார். கதவு நிலையைக் கண்டால் கால் தரையில் ஒட்டினதுபோல நின்றுவிடுவார். ஆனால் ஒரு இடத்தில் இருக்கவும் மாட்டார். கதிரையில் இருத்தினால் ஐந்து நிமிடத்தில் எழும்பி, வாசல் படலையிலிருந்து கிணற்றடிக்கும் கிணற்றடியிலிருந்து படலைக்கும் நடை. அம்மா கேட்டால், “உள்ளுக்க ஏதோ அரிக்குது, என்னால இருக்க ஏலாமக் கிடக்கு” என்கிறார். அந்தக் குறுணி நடையில் முற்றத்து மணலில் ஒரு பாதையே விழுந்துவிட்டது. அவர் நடப்பதைப் பார்த்துப் பார்த்து இப்போது எனக்கும் ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளவில்லை.

மண்டபம் அகதி முகாமிலிருந்து நாங்கள் ஊர் திரும்பி இரண்டாம் வருடமே நீ போய்விட்டாய். படிக்கத்தான் போனாய், அதற்கு நான் மறுப்புச் சொல்லவில்லை. ஆனால் போனவள் வருத்தத்தின் பெயரைச் சொல்வது லேசு. அதோடு இருப்பது வேறு.

நீ கேட்ட குளிசைப் பட்டியல்: பிரஷருக்கு ஒன்று, இப்போது தந்த புதுசு நாளுக்கு மூன்று தரம். வேறு ஏதும் எடுக்கிறாரா என்று டொக்டரும் கேட்டார். இல்லை என்றுதான் சொன்னேன். அம்மா மடுக் கோயில் மாதாவுக்கு நேர்த்தி வைத்திருக்கிறா, அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்.

ஜெகதீபன்


பேர்கன்
பெப்ரவரி 20, 2024

அண்ணா,

உங்கள் கடிதத்துக்குப் பதிலாக ஒன்று எழுதிவைத்திருந்தேன். அதைக் கிழித்துவிட்டேன். நடந்ததை முதலில் சொல்கிறேன்.

நாங்கள் தானமாக வந்த மூளைகளுக்குப் பெயர் வைப்பதில்லை, எண்தான். இந்தமுறை பார்க்கின்சன் என்று எழுதப்பட்டிருந்தவை பன்னிரண்டு. போன மாதம் படத்தாளை எடுத்துக் கழுவியபோது பதினொன்று வெளிறியிருந்தன. நாற்பத்தேழாம் எண் கறுப்பாக இருந்தது. நோயில்லாதவர்களின் படம் எப்படி இருக்குமோ அப்படி. நான் எண்ணை மாற்றி ஒட்டிவிட்டேன் என்று நினைத்து, வேறு சீவல் வெட்டித் திரும்பவும் செய்தேன். மூன்று கிழமை காத்திருந்து நேற்று எடுத்தோம். அதே கறுப்பு. இழுக்கிற இடங்கள் அத்தனையும் அப்படியே இருந்தன. அந்தக் கலங்கள் சாகவே இல்லை.

கோப்பை எடுத்துப் படித்தேன். ஒரு பெண். தபால் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலை செய்தவர். கடைசி ஒன்பது வருடம் நடுக்கத்தோடும் இறுக்கத்தோடும் இருந்து, ஒரு கட்டிலில் இறந்திருக்கிறார். கோப்பின் அடியில் பழைய தாள்களில் ஒரு வரி கிடந்தது. தலைச்சுற்றுக்கு என்று ஒரு குளிசை, பதினொரு வருடம். பெயர் சின்னரிசின். கொஞ்ச நாளுக்கு எடுக்க வேண்டிய குளிசை அது. வயதானவர்கள் வருடக்கணக்காக எடுத்தால், டோபமினை வாங்கிக்கொள்ளும் பக்கத்தை அது அடைத்துவிடும். கலம் உயிரோடிருக்கும், டோபமின் வெளியே வரும், வாங்க ஆள் இருக்காது. வெளியில் பார்த்தால் பார்க்கின்சனுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அப்படிப் பலருக்கு, குளிசையை நிறுத்தினால் உடம்பு திரும்பும். அந்தப் பெண்ணுக்கு யாரும் நிறுத்தவில்லை.

நான் பஸ் ஏறாமல் மழையில் நடந்தே வீட்டுக்கு வந்தேன். வந்தும் இருக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் நீங்கள் எழுதிய நடை என்னை விடவில்லை. பார்க்கின்சன் வந்தவர்கள் பெரும்பாலும் கதிரையில் இருந்தால் எழும்பச் சிரமப்படுவார்கள். அப்பா இருக்கவே முடியாது என்கிறார். உள்ளே அரிக்கிறது என்கிறார். இப்படியான குளிசைகள் அதையும் செய்யும்.

சங்கு குளித்துக் குளித்து அப்பாவுக்குக் காது பழுதாகி, தலைச்சுற்று இருந்ததல்லவா? அதற்கு ஏதாவது எடுத்தாரா? இப்போதும் எடுக்கிறாரா? பிஸ்கட் டின்னுக்குள், அம்மாவின் கைப்பைக்குள், எல்லா இடமும் பாருங்கள். கெஞ்சிக் கேட்கிறேன். ஆனால் எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். முதலில் டொக்டரிடம் சொல்ல வேண்டும்.

உடனே எழுதுங்கள். அல்லது போனையாவது எடுங்கள். நான் ஆறு தரம் உங்களுக்கு அழைப்பு எடுத்துவிட்டேன்.

சுபா


கீரி
17.03.2024

சுபா,

பட்டியலைப் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். வேறு ஒன்றும் இல்லை.

செத்துப்போனவளின் மூளையை வைத்துக்கொண்டு உயிரோடிருக்கிற மனிதரை விசாரிக்காதே. அப்பாவுக்கு டொக்டர் இருக்கிறார்.

இங்கே வேலை கூடிப்போயிற்று. பேசாலையிலிருந்து வந்த ஒரு எஞ்சினைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். அந்த வள்ளத்துக்காரர்கள் கடலில் பாதி வழியில் நின்று, வேறொரு வள்ளம் கட்டி இழுத்து வந்தது. ஒரு வளையத்தைப் போட மறந்திருக்கிறேன். பதினைந்து வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

தவக்காலம் என்பதால் அம்மா ஒரு நேரம்தான் சாப்பிடுகிறா. அவவை நினைத்தாவது இந்தக் கதையை விடு.

ஜெகதீபன்


பேர்கன்
ஏப்ரல் 10, 2024

அண்ணா,

நீங்கள் கோபம் வந்தால் நீளமாக எழுதுகிறவர். நான் போய் மூன்றாம் வருடம் அம்மாவுக்குக் கண் ஒப்பரேஷன் நடந்தபோது நான் வரவில்லை என்று எட்டுப் பக்கம் எழுதினீர்கள். அதை இன்னும் வைத்திருக்கிறேன். ஒரு பக்கம்கூட நிரம்பாத இந்தக் கடிதத்தைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஒருவேளை நான்தான் நாற்பத்தேழை அப்பாவின் மேல் கொண்டுபோய் ஒட்டுகிறேனோ என்றும் யோசித்தேன். அவருக்கு உண்மையாகவே பார்க்கின்சன்தானோ, நான் அதை இல்லையென்றாக்க ஆசைப்படுகிறேனோ என்று. இரண்டு கிழமை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக அலைந்தேன். ஆய்வுகூடத்தில் கண்ணாடியில் ஒட்டிய சீவல்களைத் தட்டோடு கீழே போட்டு உடைத்துவிட்டேன். அவை இனிக் கிடைக்காதவை.

நேற்று அம்மாவுக்குப் போன் எடுத்தேன். உங்களைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். “கொண்ணன் சாப்பிடுறானுமில்லை, கடையில இருக்கிறானுமில்லை. ஒரு நாளைக்கு நாலு தரம் வந்து உன்ர அப்பாவை நிப்பாட்டி வச்சுப் பாத்துக்கொண்டு நிக்கிறான்” என்றா. பிறகு அப்பாவின் தலைச்சுற்று திரும்பவும் வந்துவிட்டது என்றா. ஏன் என்று கேட்டேன்.

“அந்தச் சுத்துக் குளிசை பாமசியில முடிஞ்சு போச்சாம். எங்கயும் இல்லையாம் எண்டு கொண்ணன் சொல்லுறான். ஒரு மாசமாச்சு.”

அண்ணா, எந்தச் சுற்றுக் குளிசை?

சுபா


கீரி
03.05.2024

சுபா,

நீ கேட்ட கேள்விக்கு நான் எழுதப்போவதை அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இன்னும் சொல்லவில்லை. வீட்டில் உனக்குத்தான் முதலில் சொல்கிறேன்.

நாற்பத்தேழைப் பற்றி நீ எழுதிய கடிதம் மார்ச் பன்னிரண்டாம் தேதி வந்தது. கடையைப் பூட்டாமலே வீட்டுக்குப் போனேன். பிஸ்கட் டின்னைத் திறந்து, குளிசை அட்டையை வெயிலில் பிடித்து, நீ எழுதியிருந்த பெயரோடு எழுத்தெழுத்தாக ஒத்துப் பார்த்தேன். அதேதான்.

முதல் கடிதத்தில் நான் உனக்குப் பொய் எழுதவில்லை. அது எனக்கு மருந்தாகவே தோன்றவில்லை. டொக்டர் கேட்டபோதும் அப்படித்தான். பிரஷர் குளிசை மருந்து, இது சும்மா தலைச்சுற்றுக்கு, சத்துக் குளிசை மாதிரி என்று நினைத்திருந்தேன். இரண்டாம் கடிதத்தில் எழுதியது பொய். தெரிந்துகொண்டே எழுதினேன்.

தொடங்கியது 2021 கடைசியில். அப்பா கரையில் வலை இழுக்கும்போது சுற்றி விழுந்தார். ஒரு டொக்டர் பதினாலு நாளுக்கு எழுதித் தந்தார். உறையின் மேல் ‘காலை ஒன்று, இரவு ஒன்று’ என்றிருந்தது. பதினாலு நாள் முடிந்ததும் நிறுத்தினேன், திரும்பச் சுற்றியது. திரும்ப வாங்கினேன். பிறகு எண்ணெய் இல்லாத காலம் வந்தது. பெற்றோல் வரிசையில் இரண்டு நாள் நிற்க வேண்டும், டொக்டரிடம் எப்படிப் போவது? பழைய மருந்துத் துண்டைக் காட்டினால் பாமசியில் தந்தார்கள். மன்னாரில் முடிந்தபோது பேசாலைவரை காற்றுக்கு எதிரே சைக்கிள் மிதித்துப் போய் வாங்கி வந்தேன். இரண்டே கால் வருடம். சுபா, நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லை. அதுதான் என்னை அறுக்கிறது. கொஞ்சம் அக்கறையில்லாத மகனாக இருந்திருந்தால் அப்பாவுக்கு இவ்வளவு வந்திருக்காது.

பெயரை ஒத்துப் பார்த்த அன்றைக்கே குளிசையை நிறுத்திவிட்டேன். நீ வேண்டாம் என்று எழுதியும் யாரையும் கேட்காமல் நிறுத்தினேன். டொக்டரிடம் போனால் யார் கொடுத்தது என்று கேட்பார் அல்லவா? நிறுத்தினதும் சரியாகிவிடும், பிறகு யாருக்கும் சொல்லத் தேவை வராது என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

ஒவ்வொரு நாளும் அப்பாவை நிறுத்தி, கையைப் பொத்தி விரிக்கச் சொல்வேன், நடக்கச் சொல்வேன், திரும்பும்போது அடியை எண்ணுவேன். ஏழு. அடுத்த நாளும் ஏழு. “என்னடா, என்னை எஞ்சின் எண்டு நினைச்சிட்டியோ” என்று ஒருநாள் கேட்டார். முகத்தில் ஒன்றுமில்லாமல் கேட்டதால் பகிடியா கோபமா என்று தெரியவில்லை. பெரிய வெள்ளியன்று சிலுவைப்பாதையில் சுற்றி விழுந்து நெற்றியில் நாலு தையல். நிறுத்தினதால்தான் விழுந்தார் என்று நினைத்து அடுத்த நாள் காலையில் திரும்ப ஒரு குளிசையைக் கையில் எடுத்தேன். கொடுக்கவில்லை. பொக்கற்றில் போட்டுக்கொண்டு கீரிக் கரையில் அந்தத் தொங்கலிலிருந்து இந்தத் தொங்கல்வரை நடந்தேன். கொடுத்தாலும் பிழை, கொடுக்காவிட்டாலும் பிழை என்றிருந்தது.

உன் கடைசிக் கடிதம் வந்த பிறகு, நேற்று அப்பாவை றஊப் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நரம்பு வருத்தம் பார்க்க மாதம் ஒருமுறை வருகிறவர். அப்பாவை வெளியே இருத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

“நிப்பாட்டினது சரி. ஒருத்தருக்கும் சொல்லாமல் நிப்பாட்டினதுதான் பிழை” என்றார். எப்போது சரியாகும் என்று கேட்டேன். மூன்று மாதமும் ஆகலாம், ஒரு வருடமும் ஆகலாம், சிலருக்குத் திரும்பாமலும் போகலாம் என்றார். தலைச்சுற்றுக்குக் குளிசை இல்லாமல், தலையைத் திருப்பிச் செய்கிற ஒரு பயிற்சி சொல்லித் தந்திருக்கிறார்.

இவ்வளவுதான். அப்பாவை இப்படி ஆக்கினது நான். நீ என்ன வேண்டுமானாலும் எழுது, வாசிக்கிறேன்.

ஜெகதீபன்


பேர்கன்
மே 24, 2024

அண்ணா,

உங்களுக்கு ஆறுதல் சொல்லி மூன்று பக்கம் எழுதினேன். நீங்கள் என்ன செய்வீர்கள், பெற்றோல் இல்லை, டொக்டர் இல்லை, நீங்கள் படித்தது எஞ்சின் என்றெல்லாம். பெரிய மனசோடு எழுதியிருந்தேன். அந்தத் தாள்களை அனுப்பப் போவதில்லை.

அப்பா மொத்தம் எத்தனை மாதம் எடுத்தார் என்று கணக்குப் பார்க்க, நம்முடைய பழைய வட்ஸ்அப் செய்திகளைப் பின்னால் தள்ளிக்கொண்டு போனேன். 2022 ஜூலை பத்தொன்பதாம் தேதியில் நின்றுவிட்டேன். நீங்கள் ஒரு படம் அனுப்பியிருக்கிறீர்கள். அதன் கீழே உங்கள் குரல். நான்கு நாளுக்கு முன்புதான் அதை முதன்முதலாகக் கேட்டேன்.

“சுபா, அப்பாவின்ர சுத்துக் குளிசை இது. பதினாலு நாளைக்கு எண்டுதான் தந்தது. ஏழெட்டு மாசமாக் குடுக்கிறன். தொடர்ந்து குடுக்கலாமோ எண்டு பாத்துச் சொல்லு.”

பின்னால் சனத்தின் சத்தம் கேட்கிறது. எண்ணெய் வரிசையில் நின்று பேசியிருக்கிறீர்கள்.

அதற்குக் கீழே என் பதில். ஒரு பெருவிரல். சரி என்று.

படத்தை நான் திறக்கவே இல்லை. இரண்டு வருடமாக அது மங்கலாக, இறக்கிப் பார்க்கச் சொல்லும் அம்புக்குறியோடு அப்படியே கிடந்தது. அந்த நாளை நாட்குறிப்பில் தேடினேன். ஒரு மாநாட்டில் இருந்திருக்கிறேன். டோபமினைத் திரும்ப இழுக்கும் இடங்களைப் பற்றி, மேடையில் ஏறிப் பேசுவதற்குச் சற்று முன்னால் உங்கள் செய்தி வந்திருக்கிறது. பிறகு பார்ப்போம் என்று நினைத்துத் தட்டியிருப்பேன். எனக்கு ஞாபகமே இல்லை. அந்த மேடையில் நின்ற எவரிடம் அந்த அட்டையைக் காட்டியிருந்தாலும் உடனே நிறுத்து என்றிருப்பார்கள்.

அதையும் அன்றைக்குத்தான் திறந்தேன். பெயர் தெளிவாக இருக்கிறது. வாசிக்க ஒரு நொடி போதும்.

நீங்கள் எழுதிய கடிதத்தைத் திரும்ப எடுத்து வாசித்தேன். பதினாலு நாள், பெற்றோல் வரிசை, பேசாலை, சைக்கிள் எல்லாம் இருக்கிறது. இது மட்டும் இல்லை. பத்து வருடத்துக்கு முந்திய எஞ்சின் எண்ணைச் சொல்கிற மனிதர் நீங்கள். மறந்தீர்கள் என்று நான் நம்பமாட்டேன். ஏன் எழுதவில்லை?

நான்கு நாளாக வேலைக்குப் போகவில்லை. இந்த வீட்டில் சமையலறைக்கும் ஜன்னலுக்கும் பதினொரு அடி. அப்பாவைப்போல நடந்துகொண்டிருக்கிறேன்.

அப்பாவுக்கு இரண்டையும் சொல்லுங்கள். உங்களுடையதையும் என்னுடையதையும். நான் சொல்ல வேண்டியதுதான். போனில் எடுத்து வாய் திறக்கிறேன், அவருடைய மூச்சுக் கேட்கிறது, வேறு கதைக்குப் போய்விடுகிறேன்.

சுபா


கீரி
11.09.2024

சுபா,

பதில் எழுத மூன்று மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. உன்மேல் கோபத்தில் இல்லை. சொல்வதற்கு ஏதாவது வரட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் மறக்கவில்லை. உன் பெருவிரல் வந்த அன்று, வரிசையில் நின்றபடியே பக்கத்தில் நின்ற வின்சன்ட்டுக்குக் காட்டினேன். “தங்கச்சி மூளை டொக்டர், அவள் சரி எண்டிட்டாள்” என்று. அதற்குப் பிறகு எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. நத்தாருக்கு நீ போனில் அந்த வருத்தத்தின் பெயரைச் சொன்னபோது நான் அப்படி எரிந்து விழுந்ததற்கும் அதுதான் காரணம்; சரி என்று சொன்ன நீயே இப்போது வருத்தம் என்கிறாயே என்றிருந்தது. பிறகு நாற்பத்தேழைப் பற்றிய கடிதம் வந்ததும் முதலில் உனக்குப் போன் எடுத்து அதைத்தான் சொல்ல நினைத்தேன். இலக்கத்தை அமத்திவிட்டு வெட்டினேன். அப்பாவின் வாயில் குளிசையைப் போட்டது என் கை. நீ அங்கே தனியாக இருக்கிறாய். இங்கே எனக்கு ஏச அம்மாவாவது இருக்கிறா. உனக்கு யார் இருக்கிறார்கள்?

இனி நடந்தது.

ஜூன் முழுக்க ஒன்றுமில்லை. நான் அடி எண்ணுவதை விட்டுவிட்டேன். முதலில் நின்றது அந்த நடைதான். ஜூலை தொடக்கத்தில் மடுத் திருவிழாவுக்குக் கூட்டிப் போனோம். பூசை தொடங்கி முடியுமட்டும் அப்பா ஒரு இடத்தில் இருந்தார். எழும்பப் போகிறார், எழும்பப் போகிறார் என்று நானும் அம்மாவும் அவரையே பார்த்ததில் பிரசங்கம் ஒன்றும் காதில் விழவில்லை.

பிறகு ஒருநாள் கடைக்கு வந்தார். ஒரு எஞ்சினை மரக்குத்தியில் சாய்த்து வைத்திருந்தேன். வாசலில் நின்று பார்த்தவர் கத்தினார். “எஞ்சினை இப்பிடியோ வைக்கிறது? விழுந்தா ஆரின்ர காலடா போறது?” புருவம் சுருங்கி, மூக்கு விரிந்து, பழைய அப்பாவின் முகம். இரண்டு வருடமாகக் காணாத முகம் கோபமாகத்தான் திரும்பி வந்தது. நான் உடனே எஞ்சினைப் படுக்கவைத்தேன்.

பார்க்கின்சன் குளிசையை றஊப் டொக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, போன மாதம் முழுதாக நிறுத்திவிட்டார். இப்போது ஒரு திரும்பலுக்கு மூன்று அடி. சட்டைத் தெறி தானே பூட்டுகிறார். வலது கைப் பெருவிரல் மட்டும் இன்னும் உரசிக்கொண்டுதான் இருக்கிறது. அதுவும் போகலாம், போகாமலும் விடலாமாம். உண்மையான வருத்தமும் உள்ளே கொஞ்சம் தொடங்கியிருந்தால் குளிசை அதை முன்னதாக வெளியே காட்டியிருக்குமாம். நீ எண்ணுகிற அந்த இடங்களை உயிரோடிருக்கும் ஆளிலேயே பார்க்க ஒரு ஸ்கான் இருக்கிறதென்றும், அதற்கு அவசரமில்லை, பொறுத்துப் பார்ப்போம் என்றும் சொன்னார். ஆகவே இன்னும் ஒன்றும் முடியவில்லை. முடிந்ததுபோல உனக்கு எழுத எனக்கு விருப்பமில்லை.

அப்பாவுக்கு நேற்றுச் சொன்னேன். பின்னேரம், கரையில் வள்ளத்தின் முன்பக்க அணியத்தில் இருந்தோம். முதலில் என்னுடையதைச் சொன்னேன். கடலைப் பார்த்துக்கொண்டே கேட்டார். “நீ தந்தாய், நான் விழுங்கினன். எனக்கும் வாய் இருந்தது, என்னத்துக்கு எண்டு ஒருநாளும் கேக்கேல்லை” என்றார்.

பிறகு உன்னுடையதைச் சொன்னேன். போனை எடுத்து, அந்தப் படத்தையும் பெருவிரலையும் காட்டினேன். வாங்கித் தூரப் பிடித்துப் பார்த்தார். உனக்காக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, அவளுக்கு அன்றைக்கு வேலை, ஆயிரம் பேருக்கு முன்னால் பேச வேண்டியிருந்தது என்றேன்.

“படத்தைத் திறந்தே பாக்கேல்லையாமோ?”

“இல்லையாம்.”

போனை என் கையில் தந்தார்.

“அப்ப இஞ்ச வந்து என்னைப் பாக்கச் சொல்லு” என்றார்.

கோபமா, வேறு ஏதுமா என்று நீ கேட்பாய். இப்போது அவருடைய முகத்தில் எல்லாம் தெரிகிறது சுபா, ஆனாலும் அதை நான் எழுதமாட்டேன். நீயே வந்து பார். மார்கழியில் வருவாய் என்று அவரிடம் சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல்தான் சொன்னேன்.

அண்ணா